இருபதுக்குக் கீழே

வால்பராய்சோவில் எதற்கும் படி ஏற வேண்டும்.
அவள் படியிறங்கி வந்தாள்,
மீன்கடை ரசீதின் முதுகில்
பென்சிலால் எழுதிய ஏழு தேவைகளோடு.
ஒதீலியா கார்கமோ.
துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம்
எடை சரிபார்த்தவள்.

தட்டிலிருந்து ஊசி எடுத்துவருவது
எறும்பின் முனகல்.
அதை ஆள் குரலாக்க ஒரு பெட்டி வேண்டும்,
ஆனால் நான் சொல்கிறபடி, என்றாள்.

பெருக்கத்துக்கு மூன்றே நிலை.
வழவழவென்று சுழலும் குமிழ் ஆகாது;
நேற்று வைத்த இடம் இன்றைக்குத் தெரியாது.
டக்கென்று விழ வேண்டும்,
தராசில் எடைக்கல் விழுவது போல.

ஊசிக்கு எதிரே நிற்கும் மின்தடையை
மாற்றும் சுவிட்சுகள் முன்பக்கம்.
பெட்டியின் பின்னால் குனிய
என் முழங்கால் ஒப்பாது.
நாற்பத்தேழாயிரம் ஓம், எல்லோரும்
அதில்தான் நிற்கிறார்கள் என்றேன்.
அந்த வரிசையில் எனக்கென்ன வேலை என்றாள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும்
தன் இஷ்டத்துக்குக் கீழ்ச்சுரத்தை ஒடுக்கி
மேல்சுரத்தைத் தூக்கித் தட்டு வெட்டியது.
அவரவர் பொய்க்கணக்கை
அவரவர் படிக்கல்லால்தான் நேர்செய்ய வேண்டும்.
ஆகவே சமன்கோடுகள் நான்கு.

பிறகு இடம் மட்டும், வலம் மட்டும், இரண்டும் சேர்ந்து
என்று ஒரு சுவிட்ச்.
பழைய தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருக்கும்,
மறுசுவர் பிழைத்திருக்கும்.
பிழைத்ததைக் கேட்டுக்கொள்ளலாம் இல்லையா?
இருபது வருடமாகப் பெட்டி செய்கிறேன்.
இதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

ஊசி இறங்கும் அடியை விழுங்க ஒரு மௌனப் பொத்தான்.
தரைக்கம்பிக்கு, கையுறையோடும் இறுக்கும்படி
பெரிய திருகு.
நீல விளக்கு வைத்தால் காசு கிடையாது.
(இது எட்டாவது. சீட்டில் இல்லை.)

ஏழாவதில்தான் சண்டை.
இருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதையெல்லாம்
வெட்டியெறியும் வடிகட்டி.
அதை நான் எப்போதும் நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவேன்.
குன்றேறும் மின்தூக்கியின் கம்பி உறுமும்,
லாரி உறுமும், இந்த ஊரில் தரையே உறுமும்.
காதுக்கு எட்டாததை வைத்து
யாருக்கு என்ன லாபம்?
அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்றாள்.
வேண்டாம் என்றேன்.
போய்விட்டாள்.

மறுநாள் வந்தாள், அக்குளில் ஒரு தட்டு.
அலுமினியத்தின் மேல் அரக்கு பூசியது,
வானொலி நிலையத்தின் பின்னறையில் வெட்டியது.
சுமைத்தொழிலாளர் வாத்தியக் குழு, ஒரு வால்ட்ஸ்.
கிளாரினெட் அவள் அண்ணன் லௌதாரோ.
அவளுக்கு வயது ஆறு, மேசைக்கு அடியில்.

தரை ஆடியது. எனக்குத் தெரியும்.
மேசைக்கால் என் கன்னத்தில் இடித்தது.
அண்ணன் இன்றுவரை சொல்கிறான்,
கனவு கண்டாய்,
தட்டைக் கேள், ஒரு சுரம் பிசகியதா?

போட்டோம்.
பிசகவில்லை.
கிளாரினெட் வெண்ணெய்மேல் கத்தி மாதிரி போயிற்று.

வடிகட்டியின் ஒரு காலை உருவிவிட்டு
மறுபடி ஊசியை வைத்தேன்.
அதே வால்ட்ஸ், அதே கிளாரினெட்.
இரண்டாவது நிமிடத்தில்
ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு
சத்தமே இல்லாமல்
முன்னே வந்தது, பின்னே போனது,
உறங்குகிறவனின் வயிறு போல
பதினோரு வினாடி.
அன்றைக்குத் தட்டை வெட்டிய ஊசியும்
அந்த அறையில்தானே நின்றது.

அவள் கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.
மீண்டும் போடு என்றாள்.
முதலைக் கவ்வியால் உருவிய காலைத் தொட்டேன்,
கூம்பு நின்றது.
இது அண்ணன் சொல்வது.
எடுத்தேன், ஆடியது.
இது நான்.

முன்தகட்டில் ஏழாவது துளை போட்டேன்.
கீழே என்ன பொறிக்க என்று கேட்டேன்.
ஒன்றும் வேண்டாம், விரலுக்குத் தெரியும் என்றாள்.
அந்தத் துளைக்குக் காசு வேண்டாம் என்றதற்கு
எண்ணி மேசைமேல் வைத்து
ரசீது கேட்டாள்.