உறவுமுறை

இடது கட்டைவிரலுக்கு ஒரு விலை,
ஒற்றைக் கண்ணுக்கு வேறு.
உடலைத் திருப்பிக் கொண்டுவர மட்டும்
உச்சவரம்பில்லை.
அட்டவணையைப் படிக்காமலே எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள்.

குளுகோரில் மழை. காலை ஒன்பதரை.
நில அதிர்வு ஆய்வாளர் குணாளன்
காட்மாண்டு போகிறார், பன்னிரண்டு நாள்.
ஆபத்து நிலை: நடுத்தரம்.
ஏற்கெனவே உள்ள நோய்: கொஞ்சம் சர்க்கரை.
கொஞ்சத்துக்குக் கட்டமில்லை,
ஆம் என்று மாற்றினேன்.

அவசரத்தில் அழைக்க வேண்டியவர்:
நான்கே இலக்கம்.
என் மேசைத் தொலைபேசி.
உறவுமுறை: காப்புறுதிப் பிரிவு.

திருப்பி அனுப்ப வேண்டும், விதி அப்படி.
கூப்பிட்டுக் கேட்டேன்.
"வேற யாரும் இல்லைங்க.
நீங்கதான் ரெண்டாவது மணியில எடுப்பீங்க"
என்றார், பேருந்து நேரம் சொல்வதுபோல.

ஐந்தேகாலுக்குப் பிறகு அது
காலி அறையில் அடிக்கும்.
வெள்ளை மை தடவி, ஊதிக் காயவைத்து,
என் கைப்பேசி எண்ணை எழுதினேன்.
உறவுமுறையை அப்படியே விட்டேன்.

பன்னிரண்டு இரவும்
தலையணையோரம் ஒலியைக் கூட்டி வைத்துப் படுத்தேன்.
அடித்தது ஒரே தடவை:
பக்கத்து மாடிக்கு நாசி கண்டார் கொண்டுவந்த பையன்,
வீடு தெரியவில்லையாம்.
நான் "ஹலோ" சொன்ன விதத்தில்
அவன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான்.