பார்க்க வந்த ஆப்பிள்கள்

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்,
ஆறு வாரத்துக்கு உறிஞ்சுகுழல்தான் என்று
வாசலிலேயே எல்லோரிடமும் சொன்னேன்.
ஐயோ பாவம் என்றார்கள்.
ஐயோ பாவம் என்றபடியே
ஆளுக்கொரு பை நீட்டினார்கள்.
எல்லாப் பையிலும் ஆப்பிள்.

முனிரத்தினம் கொண்டுவந்தது
ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பழம்.
கீழ்வீட்டு நாகவேணி கொண்டுவந்தது
சிவாஜிநகர் தள்ளுவண்டியில் பேரம் பேசியது.
"ரெண்டு அடிபட்டிருக்கும், பாத்துக்கோ" என்று
அவளே காட்டிக்கொடுத்தாள்.
லிஃப்ட் கம்பெனி மேனேஜர் அனுப்பியது
வலைச்சட்டை போட்ட ஆறு.
கூடவே சம்பளமில்லா விடுப்புக்கு
கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம்.

மர்பி டவுனில் எங்களுக்கு ஒன்றரை அறை.
ஃப்ரிட்ஜில், பீரோ மேலே, அரிசி டின் மூடியில்
எங்கே கை வைத்தாலும் உருண்டது.
கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்,
பட்டினிக்காரன் கல்யாண வீட்டைப் பார்ப்பதுபோல.

பதினோராம் நாள் ஒன்று அழுகியது.
அழுகியது தனியாக இருக்காது,
பக்கத்தில் இருப்பதையும் பேச்சுக்கு இழுக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.
சீவி, நறுக்கி, கொட்டை நீக்கி,
முதல் பழம் கறுப்பதற்குள் கடைசிப் பழம்.
ஸ்டிக்கர்களைச் சுவரில் ஒட்டினேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.

செயிண்ட் ஜான்ஸ் ரோட்டில்
நான் சமைக்கிற வீட்டில் இதைச்
சீஸோடு தொட்டுத் தின்பார்கள்.
அங்கே கரண்டிக் கணக்கு உண்டு.
இங்கே கைக்கணக்கு:
உருண்டை வெல்லம் இரண்டு,
பட்டை, கிராம்பு, ஓர் அன்னாசிப்பூ,
நசுக்கிய சுக்கு, உலர்திராட்சை,
காரத்துக்குக் கொஞ்சம் குண்டூர்,
நிறத்துக்கு நிறைய பேடகி.
வினிகர் ஊற்றியதும் ஆவி கண்ணில் ஏறியது.
அழுகை இல்லை.
அதற்கு நேரமிருந்தது போன வாரம்.

கட்டிலில் டக் டக் என்று பேனாச் சத்தம்.
போய்ப் பார்த்தால் நோட்டில்,
"கிராம்பு ஜாஸ்தி."
மூக்குக்கு யாரும் கம்பி கட்டவில்லை.

ஒரு மணி நேரம் கொதித்தது, குமிழ்விட்டது,
என் முழங்கையில் ஒரு சொட்டுத் தெறித்தது.
கரண்டியால் அடியைக் கீறினால்
கோடு ஒரு நொடி நிற்க வேண்டும்.
நின்றது.

இரண்டு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கரைத்து
துணியில் வடிகட்டிக் குழல் போட்டுக் கொடுத்தேன்.
உறிஞ்சினார். கண்ணை மூடினார்.
நோட்டை இழுத்து எழுதினார்:
"எத்தனை பாட்டில்?"
ஏழு.
பெயர் சொல்லச் சொல்லி விரலை ஆட்டினார்.
நாகவேணிக்கு, முனிரத்தினத்துக்கு,
பக்கத்து பெட் சையத் பாய் வீட்டுக்கு,
மேனேஜருக்கும் ஒன்று, போகட்டும்,
நமக்கு இரண்டு.
ஆறுதானே என்று ஆறு விரல் காட்டினார்.

ஏழாவது பெரியது. பழைய காப்பித்தூள் பாட்டில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் எழுதவில்லை.
ஹொசூர் ரோட்டில் அன்றைக்கு
ஸ்கூட்டரை ஓட்டியது அவர் தம்பி அமலன்.
அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
ஆஸ்பத்திரி கேட் வரை வந்து
திரும்பிப் போனதாக வாட்ச்மேன் சொன்னான்.
கையில் ஒரு பை இருந்ததாம்.

வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார்:
"பெரிசு அவனுக்கு."

சரி, அவனுக்கு.
நாகவேணி பையனிடம் கொடுத்து அனுப்பினேன்,
எந்தச் செய்தியும் சொல்லாமல்.
மூடியை மட்டும் நான்தான் இறுக்கினேன்,
துணி வைத்து, பல்லைக் கடித்து,
இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து.
திறக்க
அவனும் கொஞ்சம் பாடுபடட்டும்.