நீலத்தாள்

கப்பலூர் எடைமேடையில் பதினோரு வருஷம்.
லாரி ஏறும்போதே சொல்லிவிடுவேன்
எந்தச் சக்கரத்தில் கனம் கூடுதல் என்று.
என் வாய்க்குள் ஒரு பல்
ஓவர்லோடு ஏற்றிக்கொண்டு நின்றது
தெரியவில்லை.

கீழே, இடப்பக்கம், கடைசிக்கு முந்தியது.
பிரஷ்ஷில் ரத்தம்.
முறுக்கு கடித்தால் லேசாய்ச் சாய்ந்து
மெதுவாய்த் தன் இடத்துக்கு வரும்.
ஆவணியில் சுத்தம் செய்தபின்
மற்ற ஈறெல்லாம் ஆறியது,
இது மட்டும் முரண்டு பிடித்தது.

கோரிப்பாளையத்தில், மாடியில்,
டாக்டர் சபூரா கேட்டார்:
"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"
நான் இல்லை என்பதற்குள் தவமணி சொன்னாள்:
"மாவு மில்லு மாதிரி, டாக்டர்.
ஆடியிலேர்ந்து."

சித்திரையில் அவள் தம்பி ஒச்சப்பனின் லாரிக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.
ஆடியில் அவன் போன் அணைந்தது.
அவளிடம் எப்படிச் சொல்ல,
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.
நிஜமாகவே அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

நீலத்தாளைப் பல்லிடையே வைத்து
"தட்டுங்க. இப்ப அரைங்க."
கண்ணாடியில் காட்டினார்:
மற்றதிலெல்லாம் சிறுசிறு புள்ளி,
அந்த ஒன்றில்
மை அப்பிய வட்டம்.
"ஈறைக் கெடுக்கிறது அழுக்கு. கடி இல்ல.
ஆனா கெட்டது ஆறணும்னா பல்லு சும்மா நிக்கணும்.
நீங்க தினம் ஆட்டிவிடுறீங்க."
ஈரச் சிமெண்டில் நட்ட கம்பம்
ஞாபகத்துக்கு வந்தது.

மயிரிழை அளவு ராவினார்.
மறுபடி தாள். மறுபடி ராவல்.
வட்டம் சுருங்கிப் புள்ளியானது.
ராத்திரிக்கு ஒரு தகடு, ஐயாயிரம் என்றபோது
என் தாடை இறுகியதை
அவரும் பார்த்துவிட்டார்.

பஸ் வைகைப் பாலத்தில் ஊர்ந்தது.
"எவ்வளவு?" என்றாள் தவமணி.
"ஐயாயிரம்."
"அது இல்ல. எந்தம்பி."
நாலு லட்சத்து இருபதாயிரம் என்றேன்.
சிம்மக்கல் வரைக்கும்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

தை பிறந்தபோது
பிரஷ் வெள்ளையாக வந்தது.
விரலால் அழுத்தினேன்: ஈறு
இளஞ்சிவப்பாய், இறுகி.
பல் நிற்கிறது.
கடனும் நிற்கிறது, கொஞ்சம் குறைந்து,
அவள் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான்.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்தேன்.
நறநறவென்று அரைக்கும் சத்தம்.
நாக்கால் தடவிப் பார்த்தேன்.
தகடு என் வாயில்
சரியாகத்தான் இருந்தது.