எட்டுக் கிலோ

காலியாக இருக்கும்போதும் நிற்க வேண்டும்.
இந்தப் பைக்கு முதல் சட்டம் அதுதான்.
தொளதொளவென்று மடியில் சரிகிற வகை வேறு.

பர்கூர் சிப்காட், மாதிரி அறை, மூன்றாம் மேசை.
ஜெகதேவிக் குவாரியில் கழித்த கருங்கல் பலகைமேல்
தோலைக் கவிழ்த்துப் போட்டு விளிம்பைச் சீவுகிறேன்.
ஒன்றரை மில்லி அரை மில்லியாகும் இடத்தில்
மூச்சு விடுவதில்லை.
வயிற்றுத் தோல் இழுபடும், முதுகுத் தோல்தான் நிற்கும்.
பக்கச் சுவருக்கு முதுகு.
வயிறு, சாவி மாட்டும் நாக்குக்குப் போதும்.

போன மாதிரி திரும்பி வந்தது.
இடப்பக்கம் இரண்டு மில்லி சாய்வாம்,
படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.
ஃபயாஸ் பாய் அடிமட்டம் வைத்துப் பார்த்தார்.
பிறகு மேசையைச் சந்தேகப்பட்டார்.
மேசை நேராகத்தான் இருந்தது.

பிரித்தேன்.
பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை.
உள்ளே வைத்த அட்டை
இழையோட்டத்துக்குக் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது.
வெட்டியவள் நான்தான்,
ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு.
அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

புதியதற்கு இரண்டு ஊசி, ஒரே நூல்,
ஒரே துளையில் எதிரெதிராக.
அங்குலத்துக்கு ஒன்பது தையல்,
காற்றடிக்கும்போது பெய்கிற மழைபோல
எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து.
விளிம்புக்குப் பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள்,
மறுபடி பூச்சு, மறுபடி தாள், ஆறு தடவை.
நகத்தை ஓட்டினால்
இரண்டு தோல் சேர்ந்த இடம் தட்டக் கூடாது.
அடியில் நான்கு பித்தளைக் குமிழ்.
வைத்தேன். நின்றது.
பக்கத்து மேசை முனிலட்சுமி
வாயால் ஊதிப் பார்த்தாள்.

அடுத்தது எடைச் சோதனை.
எட்டுக் கிலோ உள்ளே, கைப்பிடியில் ஆயிரம் உலுக்கு.
இரும்புக் கட்டிகள் அளவு சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருந்தன.
கேன்டீன் ருத்ரப்பா ராகி தந்தார்,
தராசில் நிறுத்து, துணிப்பையில் கட்டி,
"சிந்தினா உங்க கணக்கு" என்று.
அவ்வளவு விலைப் பைக்குள்
நாளைய களி உட்கார்ந்துகொண்டு
மேலும் கீழும், மேலும் கீழும்.
எழுநூற்றுச் சொச்சத்தில் முடிச்சு அவிழ்ந்தது.
கைப்பிடி அசையவில்லை.

பொறுக்கினோம். கவிழ்த்துத் தட்டினோம்.
புறாநிற உள்துணியில் செம்மணிகள் கண்ணுக்குப் படும்,
இடுக்கியால் மூலை மூலையாக எடுத்தோம்.
தையலுக்கு அடியில் புகுந்ததை
எந்த இடுக்கி எடுக்கும்?

கடைசியாக ஊசி தேடும் எந்திரம்.
உடைந்த ஊசிமுனை ஒன்று இருந்தாலும் ஊரைக் கூட்டிவிடும்.
பை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.
சத்தமில்லை.
ஃபயாஸ் பாய் கையெழுத்துப் போட்டார்.

காதருகே வைத்து மெல்ல ஆட்டினேன்.
எங்கேயோ ஆழத்தில் சின்னச் சரசரப்பு.
ராகிக்கு அந்த எந்திரம் கத்தாது.

மெல்லிய தாளில் சுற்றிப்
பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தேன்.
பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.