பச்சை மை

கதவைத் திறப்பதற்குள்
ஏரிக் காற்று முந்திக்கொண்டு நுழையும் கடை இது.
ஆறு மணிக்கு லென் குச்மார்ஸ்கி வருவார்.
ஆறு ஐந்துக்கு வெர்னா ஹல்வர்சன்.
இடைப்பட்ட அந்த ஐந்து நிமிடம்தான்
மானிடோவாக் நகரின் சமாதான காலம்.

லென் காகிதத் துவாலையில் எழுதுவார்,
எப்போதும் பச்சை மையில்:
ஐம்பது புள்ளி ஆறு. எங்கள் ஆள்.
வெர்னா படிக்க மாட்டார்.
காப்பிக் கோப்பையை அதன்மேல் வைப்பார்.
ஆறு ஊறிப் பூஜ்யமாகும்.

"கருத்துக்கணிப்பு பார்த்தாயா?"
"பிழை வரம்பு மூன்று என்று
அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.
என் மருமகனே அதைவிடக் குறைவாகத்தான் தப்பு செய்வான்."
"எட்டாம் தெருவில் மட்டும் எங்கள் பலகை நாற்பத்தொன்று. நடந்தே எண்ணினேன்."
"பலகைக்கு ஓட்டு கிடையாது, லென்."
"பால் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் பக்கம்."
"மாடுகளையும் கேட்டுவிட்டாயா?"

மூலை மேசை ஆர்லோ
கம்பளிப்பூச்சியின் நடுப்பட்டையை அளந்து
குளிர்காலத்துக்குக் குறி சொல்பவன்.
இந்த வருடம் அதிபரையும் சொன்னான்.
பூச்சி எந்தக் கட்சி என்று
இருவரும் அவன்மேல் பாய்ந்தார்கள்.
அந்த ஒரு காலை மட்டும்
அவர்கள் ஒரே அணி.

பந்தயம் இதுதான்:
தோற்றவர் ஜனவரி முழுக்க
வென்றவர் வாசலில் பனி வார வேண்டும்.
ஒப்பந்தம் என் கல்லாவில்
சில்லறைக்கு அடியில் கிடந்தது,
ஒரு கையெழுத்து பச்சை, ஒன்று பென்சில்.

தேர்தல் அன்று நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டு
வாக்கு எண்ணப் போவேன்.
வலது கையை உயர்த்தி உறுதிமொழி.
நாள் முழுக்க உறை கிழித்து, மடிப்பு நீவி,
விரல் நுனியெல்லாம் காகிதக் கீறல்.

இரவு ஒன்பதே காலுக்கு
இயந்திரம் ஒன்றைத் துப்பியது.
அதற்குப் படிக்கத் தெரியாத மை.
எதிர்க்கட்சி சார்பில் வந்த பெர்னிஸ் வாசிக்க
நான் கறுப்பில் நகல் எடுக்க வேண்டும். அதுதான் விதி.

"பள்ளிக் கூரைக்குக் கடன்: சம்மதம்."
"மாவட்ட வழக்கறிஞர்: இரண்டாவது பெயர்."
"நூலகத்துக்கு வரி: சம்மதம். நன்றாக அழுத்தி நிரப்பியிருக்கிறது."
"அதிபர்?"
பெர்னிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
"காலி."
"ஒரு கீறல்கூட இல்லையா?"
"பேனா ஊன்றி நின்ற ஒரு புள்ளி இருக்கிறது.
வட்டத்துக்கு வெளியே."
புள்ளியை நகல் எடுக்கக் கூடாது.
எடுக்கவில்லை.

இந்த ஊரில் பச்சைப் பேனா ஒன்றுதானா என்ன?
மருந்துக் கடையில் தொங்குகிறது ஒரு சரம்.
பிள்ளைகள் வாங்குகிறார்கள்,
தோட்டச் சங்கத்துப் பெண்கள் வாங்குகிறார்கள்.
வீட்டுக்கு ஓட்டிவரும் வழியெல்லாம்
ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

மாநிலத்தின் முடிவு
ஐம்பது புள்ளி ஆறு.
சொன்னது சொன்னபடி, தசமம் பிசகாமல்.
கடையே எழுந்து லென்னின் முதுகில் தட்டியது.
பான்கேக் இலவசம் என்று நானும் கத்தினேன்.
வெர்னா கைகொடுத்தார்,
கையுறையைக் கழற்றாமல்.
லென் அந்தத் துவாலையை வெளியே எடுக்கவே இல்லை.

ஜனவரியில்
வெர்னா வாரி ஒதுக்கிய பனி
அவர் வீட்டு இரு பக்கமும் இடுப்பளவு நின்றது.
வாரும்போது திரைச்சீலை விலகுவதே இல்லை என்று
வெர்னா குறைப்பட்டுக்கொண்டார்:
"கேலி செய்யக்கூட வரமாட்டேன் என்கிறானே!"

ஒரு நாள் ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு
லென் கல்லா அருகே வந்து நின்றார்.
"அன்றைக்கு...
காலியாக விட்ட சீட்டுகள் நிறைய இருந்ததா?"
"தெரியாது" என்றேன்.
வலது கை தானாகவே கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தது.

கடைப் பேனாவை வாங்கி, நீல மை,
ரசீதில் கையெழுத்திட்டார்.
பதியவில்லை. குளிரில் மை உறைந்திருந்தது.
வாயருகே கொண்டுபோய் ஊதினார்.
வெளியே வெர்னாவின் வண்டி திரும்பும் சத்தம்.
அவசரமாக இன்னொரு முறை எழுதினார்.