எடுத்துக் கொடுப்பவள்

செந்தூல் பலநோக்கு மண்டபம்.
ஒன்பது மணிக்குப் பூப்பந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள்.
அதற்குள் மூன்றாம் காட்சி முடிந்து
வாடகை பாக்கிக்காரர்கள் இருவரும்
ஒரே வேட்டிக்குள் ஒளிந்தாக வேண்டும்.

வேட்டி துளசிராமனிடம்.
துளசிராமன் கூட்டரசு நெடுஞ்சாலையில்,
கிராப் வண்டியில்,
பின்னிருக்கையில் ஷா ஆலாம் போகும் ஒரு தம்பதி.
அவர்களை இறக்கிவிட்டால்தான்
இவன் கடன்காரனாக முடியும்.

அதுவரை அவன் வசனத்தையும் நானே படிக்கிறேன்.
அதற்குத்தானே நான்,
எடுத்துக் கொடுப்பவள்.
திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி,
கையில் டார்ச், தொண்டையில் அரைக்குரல்.

'இரவல் மாமனார்.'
எண்பத்திரண்டு பக்கம், கார்பன் பிரதி,
'ழ' மட்டும் சரியாக விழாத தட்டச்சு.
ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில்.
சி. என்றால் சிரிப்பு.
பெ.சி. என்றால் பெருஞ்சிரிப்பு.
பக்கம் 41: பெ.சி., கைதட்டல். நடிகர் காத்திருக்கவும்.
அதன் கீழே பொடி எழுத்தில்:
கிள்ளான். சி. இல்லை. (மழை. தகரக் கூரை.)
பக்கம் 58: ஈப்போவில் சி. இல்லை. ஏன்?

யார் கை என்று தெரியவில்லை.
கைதட்டும்போது கும்பிட வராமல்
உள்ளேயே உட்கார்ந்திருந்த ஆள்,
அது மட்டும் தெரிகிறது.

யோகமலர் இயக்குகிறாள். பகலில் பல் கிளினிக்.
'வாயை நல்லாத் திற' என்பதை
இரண்டு இடத்திலும் ஒரே குரலில் சொல்வாள்.
மாமனார் பரஞ்சோதி, இன்சூரன்ஸ் முகவர்.
ஒட்டுமீசையைக் கழற்றாமலே
எங்கள் எல்லாருக்கும் சாவு லாபம் விளக்குவார்.

'டெலிகிராம் வந்திருக்கு!' என்று
வீட்டுக்காரர் ஓடிவரும் இடத்தில் சண்டை.
இந்தக் காலப் பிள்ளைகளுக்கு எங்கே புரியும்,
வாட்ஸ்அப் என்று மாற்று என்றான் கவின்.
மாற்றினால் எதைத் தின்பார் என்றாள் யோகமலர்.
(அந்தக் காகிதத்தை அவர் தின்னத்தான் வேண்டும். கதை அப்படி.)
மூன்று ஒத்திகை இதிலேயே போனது.
தே தாரிக் கணக்கு மட்டும் அறுபது வெள்ளி.

சனிக்கிழமை. நூற்றிருபது நாற்காலி போட்டோம்.
நாற்பத்தேழு பேர் வந்தார்கள்,
நாள் தெரியாமல் மட்டையோடு வந்துவிட்ட
பூப்பந்துக்காரர் இருவரையும் சேர்த்து.

பக்கம் 41.
துளசிராமன், நெற்றியில் திருநீறு, அக்குளில் குடை:
'மாமனாரை நாங்க வாடகைக்கு எடுத்தோம்,
இப்ப மாமனாரே வாடகை கேக்குறாரு!'
நின்றான்.
காத்திருக்கவும் என்று எழுதியிருக்கிறதே, காத்திருந்தான்.
மின்விசிறி சுற்றியது.
யாரோ கச்சாங் பூத்தே பொட்டலத்தை மடித்தார்கள்.
மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.
வசனம் மறந்திருந்தால் கொடுத்திருப்பேன்.
அவனுக்கு வேண்டியிருந்தது வசனம் இல்லை.

அதன்பிறகுதான் எல்.ஆர்.டி. போனது,
கூரைக்கு மேலே, தடதடவென்று.

பக்கம் 52. ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.
'டெலிகிராம் வந்திருக்கு!'
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பொடியன்:
'அப்ப போனைப் பாருங்க அங்கிள்!'
மண்டபம் வெடித்தது.
வீட்டுக்காரர் இடுப்பைத் தடவினார்,
ஜிப்பாப் பையைத் தடவினார்,
பக்கத்தில் நின்ற இரவல் மாமனாரின் பையையும் தடவிப் பார்த்துவிட்டு
வேறு வழியில்லாமல் காகிதத்தைத் தின்றார்.
யோகமலர் இருட்டில் என் தோளைக் கிள்ளினாள்.
இன்னும் வலிக்கிறது.

நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே
சிவப்புப் பென்சில் கிடைக்காமல்
வங்கியில் சுட்ட பேனாவால் எழுதினேன்.
பக்கம் 52: செந்தூல். பெ.சி.
பிறகு 41-க்குத் திரும்பினேன்.
பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம்.
செந்தூல். சி. இல்லை. (ரயில்.)

எழுதி முடித்த பிறகுதான்
மேல்வரி கண்ணில் பட்டது.
கிள்ளானில் அன்றைக்கு
மழை பெய்ததா?