கூவிளம்

ஒன்பதாவது பாட்டு, இரண்டு நிமிடம் பதினான்கு செக்கன்.
அங்கே ஒரு பெயர் இருந்தது.
வெட்டியது நான்.

டொரோண்டோவில் பெப்ரவரி.
கிங் தெருவில் நிலத்துக்குக் கீழே ஸ்டூடியோ.
மேலே ஸ்ட்ரீட்கார் திரும்பும்போதெல்லாம்
சுவருக்குள் ஒரு முனகல் எழும்,
பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.
அந்த நேரங்களில் கஜீபன் மிக்சர் சாப்பிடுவான்.
கடலை நொறுங்கும் சத்தமும் மைக்கில் விழுந்து
இன்னும் என்னிடம் ஒரு கோப்பாகக் கிடக்கிறது.

பெரிய கம்பனி. நாற்பத்தாறு பக்க ஒப்பந்தம்.
முன்பணத்தில் அவன் வாங்கியது
நாலு விண்டர் டயர், தாயின் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு மூடி.
மிச்சக் கணக்கைப் பார்த்தால்
அவன்தான் அவர்களுக்குக் கடன்.

லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து திரையில் வந்த ஒருவன்
ஸ்நேரைக் கூட்டு என்றான், பிறகு குறை என்றான்,
பிறகு, ஸ்காபரோ என்ற சொல் பதினேழு தரம் வருகிறது,
ஆருக்கு விளங்கும் என்றான்.
கஜீபன் அதைப் பதினெட்டாக்கினான்.

வழக்கறிஞர் நல்ல மனுசி, குறை சொல்ல ஏலாது.
வழக்கு இன்னும் நடக்கிறது என்றா.
சுட்டவனின் பெயரில்லையே,
செத்தவனின் பெயர்தானே?
செத்தவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்றா.
வேறு சொல் போடலாமே,
நண்பன், சகோதரன்,
தமிழில் இவை நல்ல சொற்கள் என்று கேள்விப்பட்டேன்.

நல்ல சொற்கள்தான்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
மல்வேர்னில் ஒரு பள்ளியின் உயிரியல் அறை,
எலும்புக்கூட்டுக்குப் பக்கத்து மேசையில்
நாங்கள் மூன்று பேரும் யாப்புப் படித்தோம்.
படித்தது அவன்.
நானும் கஜீபனும் பார்த்து எழுதினோம்.
நேர் நிரை கூவிளம்.
தன் பெயரே கூவிளம் என்று கண்டுபிடித்த அன்று
மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் கேட்ட முதல் பீட் அதுதான் என்றால் பொய்.
ஆனால் தட்டினான்.
எலும்புக்கூட்டின் தாடை லேசாக ஆடியது.

நண்பன், தேமா.
சகோதரன், கருவிளம்.
இரண்டையும் வைத்துப் பார்த்தான், இரவு மூன்று மணி வரை.
தளை தட்டியது.
இதை வழக்கறிஞருக்கு எந்த மின்னஞ்சலில் எழுதுவது?
"வெட்டு," என்றான்.
ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்,
நான் வெட்டி முடிக்கும்வரை
ஸ்னோவுக்குள் நின்றான்.

செக்கனில் பத்தில் நாலு பங்கு.
திரையில் பார்த்தால் ஒரு பருக்கை அகலம்.
பெயருக்கு முன்னால் அவன் இழுத்த மூச்சைப் பற்றிக்
கடிதத்தில் ஒன்றுமே இல்லை.
அதை நான் விட்டுவிட்டேன்.
லொஸ் ஏஞ்சலிஸ்காரன் கேட்டுவிட்டு,
நல்ல ட்ரிக், என்றான்.

ஒக்டோபரில் அல்பம் வந்தது.
யங் தெரு விளம்பரப் பலகையில்
கஜீபனின் முகம் இரண்டு மாடி உயரம்,
அவனுக்கில்லாத ஒரு மச்சத்தோடு.
நன்றிப் பட்டியலில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை.
இங்கேயும் அவன் பெயரை எழுத ஏலாது,
நானும் கையொப்பம் வைத்தவள்.

நேற்று, மார்க்கம் வீதியில், தமிழ்க் கடை வாசலில்,
ட்ரொலிகளைச் சேர்த்துக் கோத்துக்கொண்டிருந்தான் ஒரு பெடியன்.
சட்டைப் பையில் போன், அதில் ஒன்பதாவது பாட்டு.
கத்தரிக்காய்ப் பையோடு நின்றுவிட்டேன்.
எனக்குத் தெரியும் வருகிறதென்று,
அவனுக்குத் தெரியாது.

மூச்சு வந்தது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததில்
அவன் தலை ஒரு தரம் ஆழமாகக் குனிந்தது,
உடனே சின்னதாக இரண்டு தரம்.

ட்ரம்ஸ் திரும்பி வந்தது.
பதினைந்து ட்ரொலிகளை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு,
உப்புத் தூவிய தார் மேல்
கடகடவென்று போனான்.